வானம் தோண்டும் முன்: வாசகர் கேள்வி பதில்

மனை, மண், அஸ்திவாரம் (அதற்காகத் தோண்டும் குழிதான் 'வானம்') பற்றி வந்து சேர்ந்திருந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம். டைல்ஸ், பெயின்ட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

என் மகள் பி.இ. சிவில் முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு ஜியோடெக்னிக்கல் எடுக்கப்போகிறேன் என்கிறாள். "மண்ணைப் படிக்க ரெண்டு வருஷமா?" என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
(ஒரு தந்தை, கும்பகோணம்)

சிரிப்பவர்களை ஒருநாள் பூம்புகார் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். கரையோரம் காய்ந்த மணலில் நடந்தால் கால் புதையும். அலை வந்து போன ஈர மணலில் சைக்கிளே ஓட்டலாம். இன்னும் நாலடி போய் நுரைக்குள் நின்றால் குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து ஆள் இறங்குவார். மூன்று இடத்திலும் மணல் ஒன்றுதான். இடையில் இருக்கும் தண்ணீர்தான் வேறு வேறு. உங்கள் மகள் படிக்கப்போவதில் பாதி அந்த முப்பது அடி தூரத்துக்குள் இருக்கிறது.

இரும்பும் சிமென்ட்டும் ஆலையில் அளவுக்கு வார்த்து வருபவை. மண் அப்படி வருவதில்லை, மனையில் என்ன கிடக்கிறதோ அதுதான். மண்ணில் பாரத்தைத் தாங்குவது மணிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும் பிடி. நடுவில் உள்ள தண்ணீருக்கு அழுத்தம் ஏறினால், ஏறிய அளவுக்கு அந்தப் பிடி தளரும். இதைக் கணக்காக்கிக் காட்டியவர் பிராகில் பிறந்த கார்ல் டெர்சாகி. 1925இல் ஜெர்மன் மொழியில் அவர் வெளியிட்ட நூலில் இருந்துதான் இந்தத் துறை தனித் துறையாக எண்ணப்படுகிறது.

வேலை எங்கே என்பதுதான் வீட்டார் கவலையாக இருக்கும். மெட்ரோ சுரங்கம், மேம்பாலத்தின் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்), நெடுஞ்சாலையின் மண் கரை, அணை, துறைமுகம், மலைச்சரிவு எல்லாவற்றிலும் முதல் அறிக்கை இவர்களுடையது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. வெயிலில் போர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கத் தயங்காதவர் என்றால் தாராளமாகப் படிக்கட்டும்.

ஒரு கிரவுண்டு மனையில் தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் கட்டுகிறோம். சாயில் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் மேஸ்திரி, "நாலு குழி வெட்டிப் பார்த்தா தெரிஞ்சிரும்" என்கிறார். டெஸ்ட் என்று வந்தால் என்ன செய்வார்கள்? ஏமாறாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகி, ஆவடி)

மேஸ்திரி சொல்வதை முழுக்கத் தள்ள வேண்டாம். 6, 7 அடிக் குழி ஒன்று வெட்டினால் மேல் மண்ணின் அடுக்கு, கொட்டி நிரப்பிய மண்ணா பழைய தரையா, ஊற்று எங்கே வருகிறது எல்லாம் கண்ணுக்கே தெரியும். ஆனால் உங்கள் வீட்டின் பாரம் குழியின் அடியோடு நின்றுவிடுவதில்லை. 5 அடி சதுர பூட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் கான்கிரீட் பாதம்) என்றால் அதன் பாரம் பூட்டிங்குக்குக் கீழே இன்னும் 10 அடி ஆழம் வரை மண்ணை அமுக்கும். அந்த ஆழத்துக்குப் போன பிறகே அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மேலே 7 அடிக்கு நல்ல செம்மண், கீழே வெண்ணெய் போலக் களிமண் என்றால் குழி உங்களுக்குப் பொய் சொல்லும்.

டெஸ்ட்டில் செய்வது இதுதான். முக்காலி நட்டு, 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் துளை போடுவார்கள். ஒவ்வொரு ஒன்றரை மீட்டர் ஆழத்திலும் துளையிடுவதை நிறுத்தி, நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஒரு குழாயைக் கம்பியின் நுனியில் பூட்டி இறக்குவார்கள். மேலிருந்து 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விழும். குழாய் 15 சென்டிமீட்டர் இறங்க எத்தனை சுத்தியல் அடி, அடுத்த 15க்கு எத்தனை, அதற்கடுத்த 15க்கு எத்தனை என்று எண்ணுவார்கள். துளை போடும்போது அடிமண் கலைந்திருக்கும் என்பதால் முதல் எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். மற்ற இரண்டின் கூட்டுத்தொகைதான் 'என் வேல்யூ'. மணலில் இது 10க்குக் கீழே என்றால் தளர்ந்த மணல், 30ஐத் தாண்டினால் கெட்டி. களிமண்ணில் 4க்குக் கீழே என்றால் விரலால் எளிதாக அமுக்கலாம், 15க்கு மேல் என்றால் நகம்தான் பதியும்.

கோளாறு நடக்கும் இடங்கள் சில உண்டு. கயிற்றைச் சுண்டி இழுத்துச் சுத்தியலை 75க்குப் பதில் 50 சென்டிமீட்டரிலேயே விட்டால் அடி எண்ணிக்கை கூடி, மண் உள்ளதைவிட பலமாகத் தெரியும். கம்பியில் 75 சென்டிமீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மணல் பூமியில் துளைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே உள்ள நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்திருந்தால் அடியில் இருந்து மணல் பொங்கி, எண்ணிக்கை வீணாகக் குறையும். ஒரு கூழாங்கல் குழாய் வாயில் மாட்டிக்கொண்டால் திடீரென 50 என்று காட்டும், அதைப் பாறை என்று எழுதிவிடுவார்கள். நீர்மட்டத்தைத் துளை போட்ட உடனே அளந்தால் சரியாக வராது. ஒரு நாள் விட்டு மறுநாள் அளக்க வேண்டும்.

எத்தனை துளை? ஏறத்தாழ ஒரு ஏக்கர் மனைக்கு நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொன்று என்பது ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தர விதி சொல்லும் அளவு. சிறு கட்டடத்துக்கு நடுவில் ஒன்றே போதும் என்றும் அதே விதி சொல்கிறது. ஒரு கிரவுண்டுக்கு எதிரெதிர் மூலையில் இரண்டு போடுங்கள் என்பது எங்கள் யோசனை. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் நிம்மதி. வேறு வேறாக வந்தால் இரண்டாவதற்குக் கொடுத்த காசு அப்போதே திரும்பிவிட்டது. ஆழம் 6 மீட்டருக்குக் குறைய வேண்டாம். அங்கும் இளகிய களி வந்தால், கெட்டி மண் வரும்வரை போகச் சொல்லுங்கள்.

எங்கள் ரிப்போர்ட்டில் எஸ்.பி.சி. 15 டன் என்று இருக்கிறது. பக்கத்துத் தெருவில் 25 டன் வந்ததாம். எங்கள் மண் மோசமா? பில்லருக்கு 30 டன் பாரம் வரும் என்கிறார் இன்ஜினியர், 15 எப்படிப் போதும்?
(வாசகர், திருச்சி)

எஸ்.பி.சி. என்பது மண் ஆபத்தில்லாமல் தாங்கும் பாரம். அந்த 15 டன் ஒரு சதுர மீட்டருக்கு. பில்லரின் 30 டன்னோடு பூட்டிங், அதன் மேல் மண் எடைக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 33 என்று வையுங்கள். 33ஐ 15ஆல் வகுத்தால் 2.2 சதுர மீட்டர், அதாவது 5 அடிக்கு 5 அடி பூட்டிங். உங்கள் மண் 10 டன் என்றால் அதுவே 6 அடிக்கு 6 அடி ஆகும். 20 டன் என்றால் நாலேகால் அடி. மண் சுமாராக இருந்தால் பூட்டிங் அகலமாகும், அவ்வளவுதான். ஒரு மாடி வீட்டுக்கு 15 டன் நல்ல மண்.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது வேறு. மண் பிளந்து போகும் பாரத்தை இரண்டரை அல்லது மூன்றால் வகுத்து ஒரு எண் வரும். வீடு எவ்வளவு அமுங்கலாம் என்று வரம்பு வைத்துக்கொண்டு இன்னொரு எண் வரும். இரண்டில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். சில ரிப்போர்ட்டுகளில் இரண்டாவது கணக்கே இருக்காது. "செட்டில்மென்ட் எத்தனை மில்லிமீட்டருக்குப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள், பதில் வரும் வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். மணலில் தனித்தனி பூட்டிங் 50 மில்லிமீட்டர் வரை அமுங்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. எல்லா பில்லரும் சேர்ந்து இறங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. 4 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பில்லர்களில் ஒன்று மற்றதைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. சுவரில் விரிசல் விழுவது இந்த வித்தியாசத்தால்தான். மனையில் பாதி பழைய தரை, பாதி நிரப்பிய பள்ளம் என்று இருந்தால் எஸ்.பி.சி. 25 வந்தாலும் பயன் இல்லை.

1998இல் கட்டிய வீடு. ஒவ்வொரு கோடையிலும் ஜன்னல் மூலையில் இருந்து குறுக்காக வெடிப்பு விடுகிறது. சிமென்ட் பூசுவோம், ஐப்பசி மழைக்கு ஒட்டிக்கொள்ளும், சித்திரையில் மறுபடி திறக்கும். காம்பவுண்டு சுவர் தெருப்பக்கம் சாய்ந்தே போய்விட்டது. இதற்குத் தீர்வே இல்லையா? தம்பி பக்கத்து மனையில் புதிதாகக் கட்டப்போகிறான், அவனுக்கும் சொல்லுங்கள்.
(வாசகர், கோவில்பட்டி)

கோடையில் திறந்து மழையில் மூடும் வெடிப்பு கரிசல் மண்ணின் கையெழுத்து. உங்கள் ஊர், சாத்தூர், விருதுநகர், கோவைப் பக்கம் எல்லாம் இதே கதைதான். கரிசலில் உள்ள களிமண் தாள் தாளாக அடுக்கியது போன்ற அமைப்பு. தாள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் விரிந்து உப்பும், காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். உப்பும்போது சதுர மீட்டருக்கு 10 டன்னுக்கு மேலும் தூக்கவல்லது. அதனால் கரிசலில் அதிகம் அடிபடுவது கனமான கட்டடம் இல்லை, ஒற்றை மாடி வீடும் காம்பவுண்டு சுவரும்தான். அவற்றின் எடை மண்ணை அமர்த்தி வைக்கப் போதாது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெடிப்பின் இருபுறமும் ஆணி முனையால் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து சுவரிலேயே தேதியோடு எழுதுங்கள். ஓராண்டில் ஏறி இறங்கினால் மண்தான். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழுந்து, அளவு மாறாமல் நிற்கும் வெடிப்புக்கும் மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அதைப் பூசிவிட்டு மறந்துவிடலாம்.

மண்ணையும் சோதித்துவிடலாம். காய்ந்த கரிசலைப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்து 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழாய் இரண்டில் ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணைக் கொட்டிக் கலக்கி, காற்றுக் குமிழி போனதும் 24 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் களிமண்ணை உப்ப வைக்காது. அதில் 10 மில்லி கோட்டில் நிற்கும் மண் தண்ணீரில் 18 மில்லி வரை ஏறியிருந்தால் உப்பல் 80 சதவீதம். 50ஐத் தாண்டினாலே சாதாரண பூட்டிங் பற்றி யோசிக்க வேண்டும். பாலிடெக்னிக் ஆய்வகத்தில்கூட ஒரே நாளில் முடிகிற வேலை.

இப்போது உங்கள் வீடு. மண்ணை மாற்ற முடியாது, அதன் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்கலாம். வீட்டைச் சுற்றி 5, 6 அடி அகலத்துக்கு வெளிச்சரிவாகக் கான்கிரீட் நடைதளம் போட்டு, சுவரோடு சேரும் இடத்தில் தார் பூச்சு வைத்து அடையுங்கள். மாடித் தண்ணீர் சுவரோரம் கொட்டாமல் குழாய் வைத்துத் தள்ளிக் கொண்டுபோங்கள். கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு கசிவு இருக்கும். சுவரை ஒட்டிய வேம்பு, புங்கை கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தைத் தாழ்த்தும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி வைப்பதுதான் கணக்கு. ஏற்கெனவே பெரிதாக வளர்ந்ததை ஒரேயடியாக வெட்டாதீர்கள், அதுவரை அது குடித்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி இந்த முறை தூக்கும். கிளை கழித்துக் கட்டுக்குள் வையுங்கள். இத்தனையும் செய்து இரண்டு கோடை பார்த்து, அசைவு நின்ற பிறகு வெடிப்பைத் தையுங்கள். அதற்கு முன் பூசுவதெல்லாம் தண்டச் செலவு.

தம்பிக்கு: கரிசலுக்கு அடியில் 6, 7 அடியிலேயே சுக்கான் பாறை வந்தால் பூட்டிங்கை அதன்மேல் உட்கார வைப்பதே மலிவு. கரிசல் ஆழமாகப் போனால் அண்டர்ரீம்டு பைல் போட வேண்டும். அடியில் குடம் போல அகலும் பைல் அது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. தண்டு 30 சென்டிமீட்டர் என்றால் குடம் 75. ஆழமான கரிசலில் நீளம் மூன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுவது ஏறத்தாழ அந்த ஆழம் வரைதான், குடம் அதற்குக் கீழே அசையாத மண்ணில் கவ்விக்கொள்ளும். பைல்களின் மேல் வரும் பிளிந்த் பீமுக்கும் (சுவரைத் தாங்கும் அடி பீம்) தரைக்கும் நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. பீமைத் தரையிலேயே படுக்க வைத்து கான்கிரீட் போட்டுவிடுவார்கள். மழைக்கு உப்பும் மண் பீமை நேராக முட்டித் தூக்கினால், பைல் போட்டதன் பலன் பாதி போச்சு.

குடம் உண்மையில் வெட்டினார்களா என்பது மண்ணுக்குள் போனபின் தெரியாது, கான்கிரீட் அளவு காட்டிக்கொடுக்கும். மூன்றரை மீட்டர் நேர்த் தண்டுக்கு எட்டே முக்கால் கன அடி போதும். குடத்தோடு சேர்த்தால் பதினொன்றேகால் பிடிக்க வேண்டும். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு பைலுக்கு இரண்டு மூட்டை சிமென்ட்டில் குழி நிரம்பிவிட்டால் உள்ளே குடம் இல்லை என்று அர்த்தம். இரண்டரை மூட்டைக்கு மேல் போக வேண்டும்.

இன்னொன்று. வானத்தில் கரிசலை எடுத்துவிட்டு மணல் நிரப்பினால் சரியாகிவிடும் என்பார்கள். கரிசலுக்குள் மணல் நிரப்பிய குழி, மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தது போல. மழைநீர் முழுக்க அங்கே இறங்கி மாதக்கணக்கில் நின்று சுற்றியுள்ள கரிசலை ஊற வைக்கும். உப்பாத செம்மண் கிராவலை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு நிரப்புவதே சரி. வீட்டுக்குள் தரைக்கு அடியிலும் அப்படியே.

ஏரியை ஒட்டிய தாழ்வான மனை. 4 அடி சவுடு மண் கொட்டி உயர்த்திக் கட்டினோம். மூன்று வருடம் ஆகிறது. சுவரில் ஒரு கீறல் இல்லை, ஆனால் ஹாலிலும் பாத்ரூம் வாசலிலும் டைல்ஸ் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. டைல்ஸ்காரர் தன் தப்பில்லை என்கிறார்.
(வாசகி, மேடவாக்கம்)

டைல்ஸ்காரர் சொல்வது சரி. சுவர் பிளிந்த் பீமில் நிற்கிறது, பீம் பில்லரில், பில்லர் கீழே பழைய தரையில். உங்கள் ஹால் தரை மட்டும் கொட்டிய மண்ணின் மேல் இருக்கிறது. லாரியில் கொட்டி, ஜே.சி.பி. பக்கெட்டால் தட்டி விட்ட மண் 4 அடிக்கு மூன்று நாலு அங்குலம் இறங்குவது சாதாரணம். காய்ந்திருக்கும்வரை அசையாமல் நிற்கும், தண்ணீர் பட்ட இடத்தில் பொத்தென்று அமரும். பாத்ரூம் வாசலில் இறங்கியிருப்பதால் அங்கே குழாய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

அதைச் சரிசெய்துவிட்டு, இறங்கிய அறைகளில் தரையைப் பெயர்த்து மேல் இரண்டடி மண்ணை எடுத்து மறுபடி கெட்டிக்க வேண்டும். ஒரு தடவைக்கு 6 அங்குல அடுக்குக்கு மேல் கூடாது. ஈரப்பதம் சரியா என்பதற்குக் கைப்பக்குவம் ஒன்று உண்டு. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், இடுப்பு உயரத்தில் இருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது, சப்பையாக ஒட்டினால் அதிகம். கெட்டிப்பதற்குத் தட்டு அதிர்வு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. மேலே கம்பி வலையோடு கான்கிரீட் போட்டுப் பிறகு டைல்ஸ். செலவைப் பார்க்காவிட்டால் தரையையே பிளிந்த் பீமோடு இணைத்த சிலாப்பாகப் போட்டுவிடலாம், அதன்பின் கீழே மண் இறங்கினாலும் கவலை இல்லை.

மனை உயர்த்துவோர் எல்லோருக்கும் ஒரு கணக்கு. 4 அடி மண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 டன். இரண்டு மாடி வீட்டின் எடையை மனை முழுக்கப் பரப்பினாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும். அதாவது வீடு கட்டும் முன்பே கீழே உள்ள ஏரிக் களிமண்ணின் தலையில் ஒரு வீட்டை ஏற்றிவிட்டீர்கள். களிமண்ணில் இருந்து தண்ணீர் பிழிந்து வெளியேறினால்தான் அது அமுங்கி முடியும். அடுக்கு இரண்டு மடங்கு தடிமன் என்றால் அதற்கு நாலு மடங்கு காலம் ஆகும். மண்ணைக் கொட்டி ஒரு மழைக்காலமாவது காத்திருந்து வானம் தோண்டுவது நல்லது.

மனை நடுவில் தூர்ந்துபோன பழைய கிணறு இருக்கிறது. 10 அடி விட்டம். மேலே மண் போட்டு மூடிவிட்டுக் கட்டலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

மூடலாம், அதன்மேல் பில்லர் மட்டும் நிறுத்தாதீர்கள். தண்ணீரை இறைத்து, அடியில் உள்ள சேறு, குப்பை, மக்கிய கட்டையை முழுக்க வெளியே எடுங்கள். மேல் உறை ஐந்தாறு அடியை உடைத்தெடுத்துவிட்டு மணலோ கிராவலோ ஓரடி ஓரடியாகத் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். இடிபாட்டுக் கல்லைக் கொட்டினால் இடுக்கில் மண் இறங்க இறங்கப் பல வருடம் பள்ளம் விழுந்துகொண்டே இருக்கும். பில்லர்களைக் கிணற்று விளிம்பில் இருந்து தள்ளி இருபுறமும் நிறுத்தி, நடுவில் பீமால் தாண்டிவிடச் சொல்லுங்கள். பிளான் போடும் முன்பே கிணற்றை அளந்து வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் இதற்குப் பெரிய செலவு இல்லை. வானம் தோண்டிய பிறகு கண்டுபிடித்தால்தான் வலிக்கும்.

10 அடி உயரக் கல் தடுப்புச் சுவர். கட்டி ஆறு வருடம் ஆகிறது, போன மழையில் வயிறு தள்ளிவிட்டது. சுவரின் கனத்தைக் கூட்டினால் நிற்குமா?
(வாசகர், குன்னூர்)

கனம் போதாததால் தள்ளியிருக்காது. 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் உள்ள காய்ந்த மண் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் நின்றால் தள்ளுவிசை 5.5 டன்னைத் தாண்டும். அதில் பெரும்பங்கு தண்ணீருடையது. உங்கள் சுவரில் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் மழையன்று அதில் தண்ணீர் வருகிறதா? வரவில்லை என்றால் பின்னால் மண் அடைத்திருக்கிறது.

3, 4 அங்குலக் குழாய் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றே தாழ்த்தி வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி தடிமனுக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. இந்தத் துணி இல்லாவிட்டால் மண் ஜல்லிக்குள் புகுந்து இரண்டு மூன்று மழையில் அடைத்துவிடும். சுவருக்கு மேலே சரிவில் இருந்து வரும் தண்ணீரைச் சுவரை நெருங்கும் முன்பே கால்வாய் வெட்டித் திருப்பிவிடுங்கள். ஏற்கெனவே வயிறு தள்ளிய பகுதியை நேராக்க முடியாது, பிரித்துத்தான் கட்ட வேண்டும். மழைக்கு முன் இப்போதே ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவரடியில் யாரும் குடியிருந்தால் கனமழை நாட்களில் அவர்களை வேறு இடத்தில் தங்கச் சொல்லுங்கள்.

கல்லணைக்கு அஸ்திவாரமே இல்லை என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
(பள்ளி மாணவர், தஞ்சாவூர்)

அஸ்திவாரம் இருக்கிறது, தோண்டி வைத்ததாக இல்லை. ஆற்று மணலில் பெரும் கல்லைப் போட்டால் ஓடும் நீர் கல்லின் அடியில் உள்ள மணலை அரிக்கும். கல் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். நீரின் அரிப்பு எட்டாத ஆழத்துக்குப் போனதும் கல் நின்றுவிடும். அதன்மேல் களிமண் சாந்து வைத்துக் கல் அடுக்கி 1,080 அடி நீளத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் காவிரியில் வேலை செய்த ஆர்தர் காட்டன் இந்த உத்தியை வியந்து எழுதினார், தன் அணைக்கட்டு வேலைகளில் அதைக் கையாளவும் செய்தார். இன்று பாலத் தூண்களையும் ஆற்றுக் கரைகளையும் காக்கக் கற்களைக் குவித்து வைக்கிறார்களே, அதுவும் மணல் அரித்தால் கல் தானாக இறங்கி மூடிக்கொள்ளட்டும் என்ற கணக்கில்தான்.

நாலடி தோண்டியதுமே தண்ணீர். மோட்டார் வைத்து இறைக்க இறைக்க அடிமணல் கொதிப்பது போலப் பொங்குகிறது. பக்கச் சுவரும் சரிகிறது. என்ன செய்வது?
(வாசகர், வேதாரண்யம்)

முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். குழிக்குள் இருந்து இறைத்தால் வெளியே உயரத்தில் நிற்கும் தண்ணீர் குழியின் அடி வழியாக மேல்நோக்கிப் பாயும். அந்த ஓட்டம் மணிகளைத் தூக்கி மிதக்கவிடும், அதுதான் நீங்கள் பார்க்கும் கொதிப்பு. அப்படிக் கலைந்த மணலில் பூட்டிங் வைத்தால் நிச்சயம் இறங்கும். குழிக்கு வெளியே நாலு பக்கமும் துளைக்குழாய்களை இறக்கி, அவற்றில் இருந்து இறைத்து, நீர்மட்டம் தோண்டும் ஆழத்துக்கு இரண்டடி கீழே போன பிறகு தோண்ட வேண்டும். கான்கிரீட் போட்டு முடியும்வரை, இரவு உட்பட, மோட்டார் ஓட வேண்டும். இரவில் நிறுத்தினால் காலையில் மறுபடி கலைந்த மணல்தான்.

உங்கள் ஊரில் பூட்டிங்கை ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. மூன்று, மூன்றரை அடியில் கெட்டியான மணல் இருந்தால் அங்கேயே அகலமாகப் போடலாம். நீர்மட்டம் பூட்டிங்கைத் தொட்டால் மணலின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகும் என்பதை இன்ஜினியர் கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சரியும் பக்கச் சுவர் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை: 5 அடிக்கு மேல் ஆழமான எந்தக் குழியிலும் பலகை அடைப்பு இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் குறைந்தது 5 அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஒரு கன மீட்டர் மண் 1.8 டன். இடுப்பளவு மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது.